வேலை தெற்கே, ரயில் மேற்கே

காலை எட்டரை மணிக்கு, தென்சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில், சோழிங்கநல்லூர் சிக்னலில் கம்பெனி பஸ்கள் வரிசை கட்டி நிற்கின்றன. பக்கத்தில் ஒரே ஒருவர் உட்கார்ந்திருக்கும் கார்கள், நெருக்கியடித்து ஆள் ஏற்றிய ஷேர் ஆட்டோக்கள், படியில் ஆள் தொங்கும் மாநகரப் பேருந்து. நடுவில் ஒரு தண்ணீர் லாரி. குழாய்த் தண்ணீர் முழுமையாக வந்து சேராத பகுதியில் அடுக்குமாடிகள் எழுந்துவிட்டதால் தண்ணீருக்கும் இதே சாலைதான் வழி. யாரைக் கேட்டாலும் “ஜனத்தொகை பெருகிப்போச்சு, என்ன செய்ய?” என்பார்கள். பெருகியது உண்மை. ஆனால் எங்கே பெருகியது என்று பார்த்தால்தான் இந்த நெரிசல் புரியும்.

2001-க்கும் 2011-க்கும் இடையில் சென்னை மாவட்டத்தின் மக்கள்தொகை 43.4 லட்சத்திலிருந்து 46.5 லட்சமானது. பத்து ஆண்டுகளில் வெறும் 7 சதவீதம். அதே பத்து ஆண்டுகளில் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டம் 39 சதவீதமும் திருவள்ளூர் மாவட்டம் 35 சதவீதமும் வளர்ந்தன. நகரம் தன் எல்லைக்கு வெளியேதான் பெருத்தது. 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், அதன் பிறகு நடந்ததை இன்னும் மதிப்பீடுகளை வைத்தே பேசிக்கொண்டிருக்கிறோம்.

மக்கள் ஏன் வெளியே போனார்கள்? வேலை அங்கே போனது. வீட்டு வாடகையும் அங்கேதான் கட்டுப்படியானது. 2000-இல் தரமணியில் டைடல் பார்க் என்ற தகவல் தொழில்நுட்ப வளாகம் திறக்கப்பட்டது. மென்பொருள் நிறுவனங்களுக்கு ஒன்றையொன்று ஒட்டி இருப்பதில் லாபம் உண்டு. ஆள் கிடைப்பது எளிது, வாடிக்கையாளர் வந்துபோவதும் எளிது. தகவல் தொழில்நுட்பக் கட்டடங்களுக்கு வழக்கமான அளவைவிட ஒன்றரை மடங்கு தளப்பரப்பு வரை அரசு அனுமதித்தது. பெருங்குடி, துரைப்பாக்கம், காரப்பாக்கம், சிறுசேரி என்று பழைய மகாபலிபுரம் சாலை நெடுகக் கண்ணாடிக் கட்டடங்கள் முளைத்தன. மாடி கூடினால் ஆள் கூடும், ஆள் கூடினால் பஸ்ஸும் ரயிலும் கூட வேண்டும். முதல் பாதிக்கு விதி இருந்தது, இரண்டாம் பாதிக்கு இல்லை.

நிலமும் கைகொடுக்கவில்லை. இந்தச் சாலைக்குக் கிழக்கே பக்கிங்காம் கால்வாய், மேற்கே பள்ளிக்கரணை சதுப்பு நிலம். கிழக்குக் கடற்கரைச் சாலைக்குக் குறுக்கே போகும் வழிகள் மிகக் குறைவு. மேற்கே மேடவாக்கத்திலிருந்தும் பல்லாவரத்திலிருந்தும் வருபவர்கள் ஓரிரு இணைப்புச் சாலைகளில்தான் வந்து முட்ட வேண்டும். சதுப்பை வெட்டி இன்னொரு சாலை போடலாமே என்று யாராவது சொன்னால், மழைக்காலத்தில் தென்சென்னையின் வெள்ளத்தை வாங்கிக்கொள்வது எது என்று கேட்க வேண்டியிருக்கும்.

ரயிலின் கதை இன்னும் வருத்தமானது. பறக்கும் ரயில் 1997-இல் மயிலாப்பூரை எட்டி, பிறகு டைடல் பார்க்கின் எதிரிலேயே திருவான்மியூர் நிலையத்துக்கு வந்தது. வேலைகள் தெற்கே சிறுசேரியை நோக்கி நீண்டுகொண்டிருந்த அதே நேரத்தில், தண்டவாளம் தரமணியைத் தாண்டி மேற்கே திரும்பி, 2007-இல் வேளச்சேரியில் நின்றது. வேளச்சேரிக்கு அது நல்லதுதான். ஆனால் கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர் வேலைப்பாதை ரயிலே இல்லாமல் வளர்ந்தது. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை வரும் மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்கு 2020 நவம்பரில்தான் அடிக்கல் நாட்டினார்கள். டைடல் பார்க் திறந்து இருபது ஆண்டுகள் கழித்து!

இடையில் கிடைத்தது, பழைய மகாபலிபுரம் சாலையை அகலப்படுத்திய ஆறுவழிச் சாலை. 2008-இல் அது திறந்தபோது நகரமே பெருமைப்பட்டது. ஆனால் நெரிசல் நேரத்தில் புதிய சாலை கிடைத்தால், அதுவரை வேறு வழியில், வேறு நேரத்தில், பேருந்தில் போனவர்களும் அங்கே வந்து அதை நிரப்பிவிடுவார்கள் என்று பொருளியலாளர் ஆண்டனி டவுன்ஸ் 1962-லேயே எழுதிவிட்டார். கணக்கும் அதைத்தான் சொல்கிறது. சிக்னலே இல்லாத நல்ல சாலையில்கூட ஒரு தடத்தில் மணிக்கு ஏறத்தாழ 2,000 கார்கள்தான் போக முடியும். ஒரு பக்கம் மூன்று தடம் என்றால் 6,000 கார். காருக்கு ஒருவர் வீதம் 30,000 பேர் வேலைக்கு வந்தால் அவர்களைக் கடத்த ஐந்து மணி நேரம் ஆகும். அதே கூட்டத்துக்கு, 60 பேர் ஏறும் 500 பேருந்துகள் போதும்.

வேலையையும் வீட்டையும் தனித்தனியே தீர்மானித்தால் என்ன ஆகும் என்பதற்குக் கண்ணகி நகரைவிடத் தெளிவான சாட்சி இல்லை. 2000 முதல் நகரத்தின் ஆற்றங்கரைகளிலிருந்தும் குடிசைப் பகுதிகளிலிருந்தும் பல்லாயிரம் குடும்பங்களை அரசு துரைப்பாக்கத்துக்கு அருகே உள்ள இந்த நகரில் குடியமர்த்தியது, பிறகு பெரும்பாக்கத்தில். பக்கத்திலேயே ஐ.டி. வளாகங்கள் இருந்தன. ஆனால் அந்தக் குடும்பங்களின் பெண்கள் பலரின் வேலை மயிலாப்பூரிலும் சாந்தோமிலும் வீட்டு வேலையாக இருந்தது. முன்பு நடந்து போன வீட்டுக்கு இப்போது சுமார் 15 கிலோமீட்டர். ஏழு மணிக்குப் பாத்திரம் தேய்க்க நிற்க வேண்டியவர், பஸ் வராத ஒரு காலையில் அந்த வேலையையே இழந்துவிடலாம். குடியமர்த்தலுக்கான கோப்பில் பேருந்தின் நேர அட்டவணையும் இருந்திருக்க வேண்டாமா?

2021 மே மாதம் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் நீக்கப்பட்டது பெரிய ஆறுதல். மாதச் சம்பளத்தில் ஒரு பங்கு மிச்சமானது. நிறுத்தத்தில் காத்திருக்கும் நேரம் மட்டும் அப்படியே இருக்கிறது. அதைக் குறைக்க மெட்ரோ முடியும்வரை பொறுத்திருக்கத் தேவையில்லை; கூடுதல் பேருந்தும் அதற்கென ஒரு தனித் தடமும் சில மாதங்களில் செய்யக்கூடியவை. திட்டங்கள் ஒன்றோடொன்று இணையாத குறை இங்கே மட்டும் இல்லை. வெளியூர்ப் பேருந்துகளுக்கான கிளாம்பாக்கம் முனையத்தை 2023 டிசம்பரில் திறந்தபோது அருகில் ரயில் நிலையம் இல்லை. பெட்டியும் குழந்தையுமாக இறங்கிய குடும்பங்கள் ஊருக்குள் போக இன்னொரு பஸ்ஸைத் தேடின. பேருந்து, ரயில், மெட்ரோ மூன்றையும் ஒருங்கிணைக்கும் ஆணையத்துக்கான சட்டம் வந்தது 2010-இல். ஆணையத்தின் முதல் கூட்டம் 2022-இல்.

வீட்டை வேலைக்குப் பக்கத்தில் கொண்டுவர முடியும் என்பதற்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு முயற்சி இருக்கிறது. வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. இரவு ஷிஃப்ட் முடித்து மணிக்கணக்கில் கம்பெனி பஸ்ஸில் தூங்கி விழுந்தபடி ஊர் திரும்புவதோடு ஒப்பிட்டால் இது மிக நல்ல ஏற்பாடு. ஆனால் அது தனியாக வரும் பெண்களுக்கான விடுதி. திருமணமாகிக் குழந்தை பிறந்த பிறகும் அதே தொழிற்சாலையில் வேலை செய்ய விரும்புகிறவருக்கு, அதே தூரத்தில் ஒரு வாடகை வீடு வேண்டும். சிறுசேரி வரை எழும் மெட்ரோ தூண்களைச் சுற்றி நில விலை ஏறும் முன் அத்தகைய வீடுகளுக்கு இடம் ஒதுக்க அரசுக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது.