சளிதானே என்று இருந்துவிடாதீர்கள்: ஆஸ்திரேலியாவில் கொரோனா மாத்திரையும் ஐந்து நாள் கெடுவும்

ஆஸ்திரேலியாவில் குளிர்காலம் தொடங்கினால் நம் வீடுகளில் ஒரு வசனம் கட்டாயம் கேட்கும். "சாதாரண சளிதான்பா, ரெண்டு நாள்ல சரியாயிடும்." சுக்குக் கஷாயமோ கொத்தமல்லித் தண்ணியோ குடித்து, ஒரு பனடோலைப் போட்டுப் படுத்துவிடுவார்கள். முப்பது வயதுக்காரருக்கு அது போதும். எழுபதைத் தாண்டிய, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடும் அப்பாவுக்குப் போதாது. அவருக்கு வந்திருப்பது கொரோனா என்றால், அந்த ரெண்டு நாளை இப்படிக் கழிக்கக் கூடாது.

காரணம் எளிது. கொரோனாவுக்கான வைரஸ் எதிர்ப்பு மாத்திரைகள் உடம்பில் வைரஸ் பெருகுவதைத் தடுப்பவை. அது பெருகி முடித்த பிறகு கொடுத்துப் பெரிய பயன் இல்லை. அதனால்தான் அறிகுறி தொடங்கிய ஐந்து நாளுக்குள் ஆரம்பிக்க வேண்டும் என்ற விதி. வெள்ளிக்கிழமை தொண்டை கரகரக்கிறது, திங்கள் வரை பார்க்கலாம் என்று விட்டால், டாக்டர் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதற்குள் கெடு முடிந்துவிடும்.

இங்கே இரண்டு மாத்திரைகள் உண்டு. லகேவ்ரியோ 2022 மார்ச்சிலும், பேக்ஸ்லோவிட் அதே ஆண்டு மே மாதமும் அரசின் மருந்து மானியத் திட்டமான பிபிஎஸ்ஸில் சேர்ந்தன. மானியம் இல்லாமல் வாங்கினால் ஐந்து நாள் மருந்துக்கு 1,000 டாலருக்கும் மேல் ஆகும். மெடிகேர் அட்டை இருந்து, தகுதியும் இருந்தால், 2026 ஜனவரி முதல் 25 டாலர்தான். பென்ஷன் போன்ற சலுகை அட்டை உள்ளவர்களுக்கு 7.70 டாலர்.

யாருக்குக் கிடைக்கும்? 70 வயதைக் கடந்தவர்களுக்கு டெஸ்ட் பாசிட்டிவ் என்றாலே போதும், அறிகுறிகூட வேண்டாம். 60 முதல் 69 வரை என்றால் ஒரு ஆபத்துக் காரணி இருக்க வேண்டும். 50 முதல் 59 வரை என்றால் இரண்டு. மருந்து எடுக்கும் அளவுக்குச் சர்க்கரை, இதய நோய், சிறுநீரகக் கோளாறு, நாள்பட்ட நுரையீரல் நோய், உடல் பருமன் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். நோய் எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்களுக்கு 18 வயதிலிருந்தே உண்டு. பூர்வகுடி மக்களுக்குத் தனி விதி. இவை அவ்வப்போது மாறுவதால் டாக்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. நம் சமூகத்தில் சர்க்கரையும் இதய நோயும் எவ்வளவு சகஜம் என்று உங்களுக்கே தெரியும். அறுபதைத் தொட்ட நம்மாட்களில் பலர் தங்களுக்குத் தகுதி இருப்பதே தெரியாமல் இருக்கிறார்கள்.

இது மந்திர மாத்திரை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பேக்ஸ்லோவிட்டின் முதல் பெரிய ஆய்வில் ஆஸ்பத்திரி சேர்க்கையும் இறப்பும் சுமார் 89 சதவீதம் குறைந்தன. ஆனால், அதில் பங்கேற்றவர்கள் தடுப்பூசி போடாத, ஆபத்து அதிகம் உள்ளவர்கள். ஊசி போட்ட, ஆரோக்கியமான நடுவயதுக்காரருக்கு அவ்வளவு பலன் தெரியவில்லை. அரசு வயதையும் நோயையும் பார்த்து மானியம் கொடுப்பதன் நியாயம் இதுதான்.

அடுத்தது முக்கியமான சிக்கல். பேக்ஸ்லோவிட்டில் உள்ள ரிட்டோனவிர், ஈரல் மற்ற மருந்துகளை உடைக்கும் வேகத்தைக் குறைத்துவிடும். அதனால் அவை ரத்தத்தில் அளவுக்கு மீறிச் சேரலாம். கொலஸ்ட்ராலுக்கான சிம்வாஸ்டாடினோடு இதைச் சேர்க்கவே கூடாது. அடோர்வாஸ்டாடினைச் சில நாள் நிறுத்தச் சொல்வார்கள். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் சில மாத்திரைகள், பிரஷருக்கான அம்லோடிபின் எல்லாவற்றையும் டாக்டர் யோசித்துத்தான் முடிவெடுப்பார். நிறுத்துவதையும் குறைப்பதையும் நாமாகச் செய்யக் கூடாது. சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் பேக்ஸ்லோவிட்டின் அளவே மாறும். பேக்ஸ்லோவிட் ஒத்துவராதவர்களுக்குத்தான் லகேவ்ரியோ.

இங்கேதான் நம் வீடுகளில் தடுமாற்றம். "பிரஷர் மாத்திரை, வெள்ளையா சின்னதா இருக்கும்" என்று அம்மா சொன்னால் டாக்டர் என்ன செய்வார்? சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ கொண்டுவந்த மாத்திரையின் பிராண்ட் பெயர் இங்குள்ள பார்மசிக்குத் தெரியாது. அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பொதுப்பெயரையும் மில்லிகிராம் அளவையும் குறித்து, போனில் போட்டோவாக வைத்திருங்கள். இங்கே பிறந்த பிள்ளைகளே பத்து நிமிடத்தில் செய்துவிடக்கூடிய வேலை இது. தாத்தா, பாட்டி தனியாக டாக்டரிடம் போக நேர்ந்தால், 131 450 என்ற அரசின் மொழிபெயர்ப்புச் சேவையில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். மருத்துவர்களுக்கு அது இலவசம்.

இதுவரை சொன்னது மெடிகேர் உள்ளவர்களுக்கு. பிரசவம் பார்க்கவும் பேரனைப் பார்க்கவும் விசிட்டர் விசாவில் வரும் நம் பெற்றோருக்கு மெடிகேர் கிடையாது. பிரிட்டன், நியூசிலாந்து, இத்தாலி போன்ற சில நாடுகளோடு ஆஸ்திரேலியாவுக்குப் பரஸ்பர மருத்துவ ஒப்பந்தம் உண்டு. இந்தியாவும் இலங்கையும் அந்தப் பட்டியலில் இல்லை. 2019இல் வந்த 870 தற்காலிகப் பெற்றோர் விசாவுக்கு ஆரம்பத்திலேயே மூன்று ஆண்டுக்கு 5,000 டாலர், ஐந்து ஆண்டுக்கு 10,000 டாலர் கட்டணம். அத்தனை பணம் கட்டி ஐந்து வருடம் இங்கேயே வாழும் எழுபது வயதுத் தாய்க்கும் மானிய விலை இல்லை. தனியார் இன்சூரன்ஸ்தான் கதி. மருந்துச் செலவுக்கு அதில் வரம்பு இருக்கலாம். பாலிசியை எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

இது சரியா? வரி செலுத்தாதவர்களுக்கு ஏன் மானியம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், மாத்திரை கிடைக்காத பெரியவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் ஒரு படுக்கை போகிறது, குடும்பம் கடனாளி ஆகிறது. அவரைப் பார்த்துக்கொள்ள லீவு போடுவது வரி செலுத்தும் பிள்ளை. நீண்டகாலம் தங்கும் பெற்றோருக்குத் தொற்றுநோய் மருந்துகளையாவது மானியத்தில் கொடுங்கள் என்று நம் சங்கங்கள் எம்பிக்களிடம் கேட்கலாம். பொங்கல் விழாவுக்கு அவர்களை அழைத்துப் பொன்னாடை போர்த்துகிறோமே, அன்றைக்கே இதையும் எழுதிக் கையில் கொடுக்கலாம்.

அதுவரை நம் கையில் இருப்பதைச் செய்வோம். வீட்டில் இரண்டு ரேட் டெஸ்ட் கிட், காலாவதி தேதி பார்த்து. பெற்றோருக்கு நிரந்தரமாக ஒரு ஜிபி. கடந்த 12 மாதத்தில் ஒருமுறையாவது நேரில் பார்த்திருந்தால்தான் பொதுவாக மெடிகேரில் போன் ஆலோசனை கிடைக்கும். மாத்திரைப் பட்டியல் போனில். தொண்டை கரகரத்த அன்றே டெஸ்ட், பாசிட்டிவ் என்றால் அன்றே ஜிபிக்கு போன். கஷாயத்தை அப்புறம் தாராளமாகக் குடிக்கட்டும்.