மண்ணைக் காணும் கண்ணும் மதியை நாடும் கலமும்

விண்வெளிப் பணிக்கு அரசாங்கம் செலவிடுவது மக்களின் வரிப்பணமாகும். அதில் நமது மண்ணைக் கண்காணிக்க எவ்வளவு, பிற கிரகங்களை ஆராய எவ்வளவு என்னும் வினா உழவருக்கும் நெசவாளருக்கும் தொடர்பற்றதன்று.

இப்பணிக்கு வித்திட்ட டாக்டர் விக்ரம் சாராபாய், சந்திரனை எட்டுவதில் செல்வ நாடுகளோடு போட்டியிடுவது நமது நோக்கமன்று என்றும், உயர்ந்த தொழில் நுட்பத்தை மக்களின் தேவைக்குப் பயன்படுத்துவதே நோக்கம் என்றும் வலியுறுத்தினார். அவ்வழியில் 1988-ஆம் ஆண்டு ஐ.ஆர்.எஸ்-1ஏ என்னும் செயற்கைக்கோள் ஏவப்பெற்றது. இன்று இத்தகைய செயற்கைக்கோள்களின் படங்களைக் கொண்டு, 2012-இல் டெல்லியில் நிறுவப்பெற்ற மகாலனோபிஸ் தேசியப் பயிர் முன்னறிவிப்பு மையம் நெல், கரும்பு, பருத்தி முதலிய பயிர்களின் பரப்பையும் விளைச்சலையும் அறுவடைக்கு முன்னரே மதிப்பிடுகிறது. பருத்தி குறையுமென்று முன்கூட்டி அறிந்தால், நூலுக்கு வேண்டிய ஏற்பாட்டைக் காலத்தே செய்துகொள்ளலாம்.

இதனால் கிரக ஆராய்ச்சி வீண் என்று தள்ளிவிடுதல் பொருந்தாது. மண்ணை நோக்கும் செயற்கைக்கோள்களை ஏற்றிச் செல்லவென்றே ஆக்கப்பெற்ற பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டே, 2008-இல் சந்திரயானையும் 2013-இல் மங்கள்யானையும் சுமந்து சென்றது. 2019-இல் நிலவை அடைந்த சந்திரயான்-2 எல், எஸ் என்னும் இருவகை அலைகளில் இயங்கும் ராடாரைக் கொண்டிருந்தது. இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்து உருவாக்கி 2025 ஜூலை 30-இல் அனுப்பிய நிசார் செயற்கைக்கோளும் அவ்விரு வகை அலைகளையே கையாள்கிறது. மேகத்தையும் இருளையும் ஊடுருவி நிலத்தைக் காண வல்லது அது.

ஆயினும் இரண்டிற்கும் ஒரு வேற்றுமை உண்டு. செவ்வாய்க்குச் செல்லும் தருணம் தவறினால் சுமார் 26 மாதங்களில் மறுதருணம் வாய்க்கும். கண்காணிக்கத் தவறிய பருவமோ மீளாது. 2025 மே 18-இல் ராக்கெட்டின் மூன்றாம் கட்டக் கோளாறினால் ஈ.ஓ.எஸ்-09 என்னும் ராடார் செயற்கைக்கோளை இழந்தோம். இவ்விழப்புகளை ஈடுசெய்ய மாற்றுக் கலம் ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.

2024 செப்டம்பரில் மத்திய அரசு சந்திரயான்-4 திட்டத்திற்குச் சுமார் 2,104 கோடி ரூபாயும், வெள்ளிக் கிரக ஆராய்ச்சிக்கு 1,236 கோடி ரூபாயும் அனுமதித்தது. இவை வரவேற்கத் தக்கனவே. ஆனால் நல்ல கூட்டுறவுச் சங்கம் நூல் கொள்முதலுக்கும் கடன் தவணைக்கும் ஒதுக்கிய பின்னரே புது முயற்சியில் இறங்கும். அரசாங்கமும் மண்ணைக் காணும் செயற்கைக்கோள்களை இடையறாது புதுப்பிக்கும் செலவை முதற் பொறுப்பாகக் கொண்டு, அதன்பின் பிற கிரகங்களை நாடுவதே முறையாகும்.