ஈரல் நோய் குடும்பச் சொத்தா?

“மூத்தவனுக்கு ஈரல் கெட்டுப் போயிற்றாம். நடுவுள்ளவனுக்கும் அதே கதி. மாப்பிள்ளைப் பையன் ரத்தத்திலும் ‘பி’ வைரஸ் இருக்கிறதாம். அது பரம்பரை!”

பெண் வீட்டார் காதில் இது விழுந்தால் சம்பந்தம் அத்தோடு சரி.

அமெரிக்க விஞ்ஞானி பரூக் பிளம்பர்க்கும் முதலில் பரம்பரை என்றே எண்ணினார். நோய் ஒருவரைப் பிடிப்பதும் மற்றவரை விடுவதும் பிறவிக் கூறினாலா என்று ஆராய்ந்தவர் அவர். 1960-களில் ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் புதிய புரதம் ஒன்றைக் கண்டார். குடும்பம் குடும்பமாகவும் அது தென்பட்டது. ஆனால், அது இல்லாதிருந்த நோயாளி ஒருவருக்குப் பிற்பாடு புதிதாகத் தோன்றியது. கூடவே ஈரல் அழற்சியும்! பிறவிக் குணம் பாதியில் முளைக்குமா? அது ‘ஹெபடைடிஸ் பி’ வைரஸின் மேலுறை என்று தெளிவாயிற்று. 1976-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

பின் ஏன் உடன்பிறந்தவர்களுக்கெல்லாம் வருகிறது? பெரும்பாலும் பிரசவத்தில் தாயிடமிருந்து தொற்றுவதால்தான். சிசுவுக்குத் தொற்றினால் நூற்றுக்குத் தொண்ணூறு பேரிடம் நிலைத்துவிடுகிறது. பெரியவர்களிடம் நிலைப்பது நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவே.

அந்தச் சிலர் யார் என்பதில் ஜீனுக்கும் பங்குண்டு. எச்.எல்.ஏ.-டி.பி. என்ற ஜீன்களின் சிறு வேறுபாடு, கிருமி நிலைக்கும் வாய்ப்பைக் கூட்டவோ குறைக்கவோ செய்வதை 2009-ல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் கண்டனர். கிருமியின் துண்டை எதிர்ப்பு அணுக்களுக்குக் காட்டிக்கொடுப்பது இவற்றின் வேலை. சாட்சி சரியாக அடையாளம் காட்டாவிட்டால் திருடன் தப்புவான் அல்லவா? ஆனால் திருடனே நுழையாத வீட்டில் சாட்சி எப்படி இருந்தால் என்ன!

நுழையாமல் தடுக்க ஊசி இருக்கிறது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்குப் போட வேண்டும். மணப்பெண்ணும் ரத்தம் சோதித்து, தொற்றோ எதிர்ப்புச் சக்தியோ இல்லையென்றால் மூன்று தவணை போட்டுக்கொள்ளலாம். கல்யாணத்தை நிறுத்தத் தேவையில்லை. 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்படி அரசு சிகிச்சை மையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். கீழாநெல்லியை மட்டும் நம்ப வேண்டாம்: 1988-ல் வெளியான சென்னைச் சோதனையில் பிளம்பர்க்கே பங்கேற்றார், அதில் கண்ட பலன் வேறிடங்களில் கிட்டவில்லை.

ஒரே அறையில் நாலு பேர் தங்கி ஒரே பானைச் சோற்றை உண்பதால் இது தொற்றாது. சவர பிளேடு மட்டும் ஆளுக்கொன்று இருக்கட்டும்.