அங்கன்வாடிக்குப் படி அளப்பவர் யார்?

இந்தியில் ஆங்கன் என்றால் முற்றம். நம் அகராதிகளிலும் 'அங்கணம்' என்பதற்கு முற்றம் என்ற பொருள் உண்டு. ஆகவே அங்கன்வாடி நமக்கு அவ்வளவு அந்நியச் சொல் அல்ல. 1975 அக்டோபர் 2-ஆம் தேதி 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் மையம் அது. இன்று நாடு முழுக்க ஏறத்தாழ 14 லட்சம் மையங்கள் இருக்கின்றன. சமண மரபில் தானம் நான்கு: ஆகாரம், ஔஷதம், சாத்திரம், அபயம். சத்துணவு, தடுப்பூசி, முன்பருவக் கல்வி, தாய் வேலைக்குப் போன சில மணி நேரத்துக்குக் காவல் என்று அந்த நான்கும் இங்கே ஒரே அறையில் நடக்கின்றன.

சரி, செலவு யாருடையது? வியாபாரிக்கு முதலில் பேரேட்டைப் புரட்டத்தான் தோன்றும். பொதுவாக மத்திய அரசு 60 பங்கு, மாநிலம் 40 பங்கு. வடகிழக்கிலும் இமயமலை மாநிலங்களிலும் 90-க்கு 10. சத்துணவுக்கு மட்டும் பாதிக்குப் பாதி. 2017-இல் ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்கு 8 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். வருஷத்துக்கு 300 நாள், 40 குழந்தைகள் என்று வையுங்கள். 96,000 ரூபாய் ஆகிறது. இரண்டு அரசும் ஆளுக்கு 48,000. ஒரு நடுத்தரக் கல்யாணத்தின் பந்திச் செலவுகூட வராது!

இந்தப் பேரேட்டில் உள்ளாட்சிக்குப் பக்கமே இல்லையா? கிராமத்தில் உண்டு. 73-ஆவது திருத்தம் சேர்த்த பதினோராம் அட்டவணையில் 29 இனங்கள். 25-ஆவது இனம் பெண்கள், குழந்தைகள் மேம்பாடு. 2022-இல் ஒரு மையக் கட்டடத்துக்கு 12 லட்சம் என்று கணக்கிட்டார்கள். அதில் 8 லட்சம் ஊரக வேலை உறுதித் திட்டத்திலிருந்து, 2 லட்சம் ஊராட்சிக்கு வரும் நிதிக்குழு மானியத்திலிருந்து, மீதி 2 லட்சம் மத்திய பெண்கள், குழந்தைகள் அமைச்சகத்திலிருந்து என்று ஏற்பாடு. கேரளத்தில் 1996-இல் தொடங்கிய மக்கள் திட்டத்துக்குப் பிறகு உள்ளாட்சிகளே தங்கள் திட்டப் பணத்தில் கட்டடமும் சத்துணவும் கொடுத்து வருகின்றன.

நகரத்துக்கு வாருங்கள். 74-ஆவது திருத்தம் தந்த பன்னிரண்டாம் அட்டவணையில் 18 இனங்கள். பூங்கா உண்டு, தெருவிளக்கு உண்டு, இடுகாடு சுடுகாடு உண்டு. குழந்தை மேம்பாடு என்று தனி இனம் கிடையாது! நலிந்த பிரிவினர் நலன், குடிசைப்பகுதி மேம்பாடு, கல்வி வளர்ச்சி என்ற இனங்களின் கீழ் செய்ய மனசிருந்தால் மாநகராட்சி செய்யலாம். சில ஊர்களில் பால்வாடி நடத்தவும் செய்கிறார்கள். ஆனால் கட்டாயம் இல்லை. எங்கள் கடைக்குப் பின்சந்தில் இருந்த மையம் வாடகை கட்டுப்படியாகாமல் மூன்று தடவை இடம் மாறியது. மூன்றாவது தடவை ஒரு கழிப்பறைக்கு ஒட்டின அறை. கேட்கப் போனால், "அது எங்க டிபார்ட்மெண்ட் இல்லை" என்று அனுப்பிவிட்டார்கள். கோபம் வந்தது. அட்டவணையைப் படித்த பிறகுதான், அந்த எழுத்தர் பொய் சொல்லவில்லை என்று புரிந்தது.

கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகும் நம் பெண்களுக்குத்தான் இதில் நஷ்டம். மையம் இல்லாத சந்தில் சின்னதைப் பார்த்துக்கொள்ளப் பெரிய பெண்ணின் படிப்பு நிற்கிறது. தமிழ் மட்டுமே பேசும் மூன்று வயசுக் குழந்தை, இந்தியோ மராத்தியோ காதில் விழாமலே நேராக ஒன்றாம் வகுப்பில் போய் உட்காருகிறது.

ஒரு பிடி இருக்கிறது. 2006 டிசம்பர் 13-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொன்னது: குடிசைப்பகுதியோ கிராமமோ, ஆறு வயசுக்கு உட்பட்ட குழந்தைகள் 40 பேர் இருந்து மையம் இல்லாவிட்டால், கேட்ட மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். கேட்டால்தான். ஆகவே நம் சங்கத்து இளைஞர்கள் பொங்கல் வசூலுக்கு வீடு வீடாகப் போகும்போதே குழந்தை பெயர், வயசு, வீட்டு எண் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வரலாம். மனு குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலருக்கு. நகல் வார்டு உறுப்பினருக்கு. நகலில் தேதி முத்திரை வாங்க மறக்காதீர்கள். மூன்று மாதக் கணக்கு அன்றிலிருந்துதான்.