உதிரிச் சக்கரப் பை

உதிரிச் சக்கரப் பை என்பது, நான்கு சக்கர இயக்க வண்டியின் பின்கதவில் பொருத்தப்பட்டுள்ள உதிரிச் சக்கரத்தின் மீது வார்களால் இறுக்கிக் கட்டப்படும் துணிப்பை ஆகும். சாலையற்ற நிலப்பகுதிகளில் பயணம் செய்து கூடாரமிட்டுத் தங்குவோர் குப்பை, விறகு, சேறு படிந்த கயிறு போன்றவற்றை வண்டிக்கு வெளியே எடுத்துச் செல்ல இது பயன்படுகிறது.

பெயர்

உதிரிச் சக்கரம் தமிழ்நாட்டில் பேச்சு வழக்கில் ஸ்டெப்னி எனப்படுகிறது. வேல்ஸ் நாட்டின் லனெல்லி நகரில் 1904 ஆம் ஆண்டு தாமஸ் மோரிஸ் டேவிஸ் உருவாக்கிய உதிரிச் சக்கரத்தின் வணிகப் பெயர் இது. அந்நகரின் ஸ்டெப்னி தெருவின் பெயரால் அமைந்தது.

தேவை

ஆஸ்திரேலியாவின் சிம்ப்சன் பாலைவனத்தில் நூற்றுக்கணக்கான மணல்மேடுகளைக் கடந்து செல்லும் பயணம் பல நாட்கள் நீடிக்கும். பயணிகள் தம் குப்பையைத் தாமே திரும்ப எடுத்து வர வேண்டும். உணவுக் கழிவு வண்டிக்குள் இருந்தால் வெப்பத்தில் நாற்றமெடுக்கும் என்பதால் வெளிப்புறப் பை உதவுகிறது. எனினும், டிங்கோ நாய்கள் பையைக் கிழிக்கக்கூடும். ஆகவே இரவில் உணவுக் கழிவை வண்டிக்குள் வைப்பது நல்லது.

துணியும் தையலும்

துணி நூலின் பருமன் டெனியர் என்னும் அலகால் குறிக்கப்படுகிறது. 9000 மீட்டர் நீள நூலின் எடை 600 கிராம் எனில், அது 600 டெனியர் ஆகும். எண் கூடக் கூட நூல் தடிக்கும். ஆனால் இவ்வெண் மட்டுமே பையின் உறுதியைத் தீர்மானிப்பதில்லை.

* பாலியெஸ்டர்: புற ஊதாக் கதிர்களை நைலானைவிட நன்கு தாங்கும்.
* பருத்திக் கித்தான்: நனையும்போது நூல்கள் உப்பி இடைவெளிகளை அடைத்துக்கொள்ளும். ஈரத்துடன் மடித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.
* தையல்: பெரும்பாலும் பை கிழியத் தொடங்குமிடம் வார் துணியுடன் சேருமிடமே. அங்கு இரட்டைத் துணியும் குறுக்குத் தையலும் இருத்தல் வேண்டும்.
* வாய்: நுண்ணிய பற்களுடைய பல்லிணைப்பில் (ஜிப்) மணல் சிக்கும். மடித்துக் கொக்கியிடும் வாய் எளிதில் பழுதடையாது.
* அடிப்பகுதி: நீர் வடியத் துளைகள் தேவை.

பொருத்துதல்

பெரிய உதிரிச் சக்கரம் 30 கிலோகிராமுக்கும் அதிகமான எடை கொண்டிருக்கலாம். பையின் சுமையும் சேர்ந்து கதவின் கீல்களையே அழுத்துவதால், நீர்க்கலன், இரும்புக் கருவி போன்ற கனமான பொருட்களை அதில் வைத்தல் கூடாது. பை பின்விளக்குகளையும் பதிவெண் பலகையையும் மறைக்காமலும், புகைபோக்கியைத் தொடாமலும் இருத்தல் வேண்டும். வார்கள் தளர்ந்தால் பை அதிர்ந்து உராய்ந்து தேயும். ஆகவே நாள்தோறும் அவற்றை இறுக்க வேண்டும்.

பையின் மறைவில் உதிரிச் சக்கரத்தின் காற்றழுத்தக் குறைவும் வெடிப்பும் கவனிக்கப்படாமல் போகலாம். எனவே பயணத்திற்கு முன்னர் பையைக் கழற்றிச் சக்கரத்தைச் சோதிப்பது இன்றியமையாதது. சேற்றிலும் இருளிலும் ஒருவரே விரைவில் கழற்றக்கூடிய பையே பொருத்தமானது.