கோதுமை ஆகாதவருக்கு மலைநாட்டு அடுப்பில் ஓர் அடைத்த கறி

மலையகத் தோட்டங்களில் ரொட்டியும் கட்டச்சம்பலும் இல்லாத காலைப்பொழுதை நினைத்துப் பார்ப்பது கடினம். வீட்டில் தின்றது போக, மலைக்குக் கட்டிக்கொண்டு போவதும் அதே ரொட்டிதான். கொழுந்து பறிக்கிறவருக்கு மத்தியானம் வரை தாக்குப்பிடிக்கிற சாப்பாடு அது. அந்த ரொட்டியே ஒருவர் குடலைப் புண்ணாக்குகிறது என்றால், குடும்பம் முழுவதும் தடுமாறிப் போகும். இந்தக் கட்டுரை அந்தக் குடும்பங்களுக்காக.

கோதுமை எப்போது வந்தது?

தமிழகத்திலிருந்து வந்த முன்னோர் அரிசியும் கேழ்வரகும் கம்பும் உண்டு வளர்ந்தவர்கள். தோட்டத்தில் அவர்களுக்கு அளந்து கொடுக்கப்பட்டதும் அரிசிதான். 1942இல் பர்மாவை ஜப்பான் பிடித்ததும் அரிசி வரத்து நின்றது. அந்த இடத்தைக் கோதுமை மா நிரப்பத் தொடங்கியது. பிறகு வந்த அமெரிக்க உதவி மாவும், 1980இல் திருகோணமலையில் ஓடத் தொடங்கிய பிறிமா ஆலையும் அதை நிலைக்க வைத்தன. இலங்கை மண்ணில் விளையாத ஒரு தானியம் நம் அன்றாட உணவானது இப்படித்தான்.

யாருக்கு ஆகாது?

பெரும்பாலோருக்குக் கோதுமையால் கெடுதல் இல்லை. நோய் இல்லாதவர் அதை ஒதுக்கி ஒரு பயனும் அடையப்போவதில்லை. ஆனால் சீலியாக் நோய் உள்ளவருக்குக் கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் இருக்கும் குளூட்டன் என்ற புரதமே எதிரி. அது உள்ளே போனதும் உடலின் எதிர்ப்புச் சக்தி சிறுகுடலின் உட்சுவரையே தாக்குகிறது. சத்தை உறிஞ்சும் மெல்லிய விரலிகள் தேய்ந்து தட்டையாகின்றன. வயிற்றோட்டம், வயிற்று உப்பல், எடை குறைதல், பிள்ளை வளராமல் நிற்பது எல்லாம் இதனால் வரலாம். வயிற்றில் எந்தத் தொல்லையும் இல்லாமல் இரத்தச்சோகை மட்டுமே அறிகுறியாக வருவதும் உண்டு.

இதில்தான் நாம் கவனமாக இருக்க வேண்டும். தோட்டங்களில் இரத்தச்சோகை அதிகம். சத்துக் குறைவு, கொக்கிப்புழு, மாதவிடாய் இழப்பு என்று அதற்குப் பல காரணங்கள் இருக்கின்றன. இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்காகப் போட்டும், பூச்சி மருந்து எடுத்தும் இரத்தம் ஏறவில்லை என்றால், சீலியாக் நோயாக இருக்குமா என்று மருத்துவரிடம் துணிந்து கேளுங்கள். டிக்கோயா ஆதார வைத்தியசாலையிலோ நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையிலோ கேட்டால், இரத்தப் பரிசோதனையை எங்கே செய்யலாம் என்று வழிகாட்டுவார்கள்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: பரிசோதனைக்கு முன் ரொட்டியை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் இரத்தத்திலுள்ள அடையாளம் மறைந்து, நோய் இல்லை என்று முடிவு வந்துவிடக்கூடும்.

இந்த நோய்க்கும் கோதுமைக்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்தவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. 1944–45 பஞ்சக் குளிர்காலத்தில் பாண் கிடைக்காமல் போனபோது, இந்த நோயுள்ள பிள்ளைகள் தேறியதையும், பாண் திரும்ப வந்ததும் மறுபடி சுகவீனமானதையும் அவர் கவனித்தார். 1950இல் தன் ஆய்வேட்டில் அதை நிறுவினார்.

டோஃபு அடைப்பு

சீனாவின் ஹக்கா மக்கள் சோயாப்பாலைத் திரித்துச் செய்யும் டோஃபுவையும் காய்கறிகளையும் கீறி, உள்ளே கலவை வைத்துச் சமைப்பார்கள். வடக்கிலிருந்து தெற்கே குடிபெயர்ந்தபோது கோதுமை கிடைக்காததால், மாவில் மடிக்கும் கொழுக்கட்டைக்குப் பதிலாக டோஃபுவைப் பிடித்துக்கொண்டார்கள் என்று சொல்வதுண்டு. கோதுமை இல்லாத ஊரில் பிறந்ததாகச் சொல்லப்படும் இந்தச் சமையல், கோதுமையை விட்டவருக்கு நன்றாகவே பொருந்தும்.

டோஃபுவை வீட்டிலேயே செய்யலாம். கால் கிலோ சோயா அவரையை இரவு ஊறவைத்து, இரண்டு லீற்றர் தண்ணீர் சேர்த்து நன்றாக அரையுங்கள். அரைத்ததை அப்படியே அடுப்பில் ஏற்றுங்கள். பொங்கி வழியும், விடாமல் கிண்ட வேண்டும். பச்சைச் சோயாவில் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் இருப்பதால் நன்றாக வேக வேண்டும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். ஆகவே கொதி வந்த பிறகு இருபது நிமிடமாவது சிறு தீயில் விடுங்கள். சூடு சற்றுத் தணிந்ததும் துணியில் வடித்து, பாலை மறுபடி சுடவைத்து இறக்கி, நான்கு மேசைக்கரண்டி தேசிக்காய்ச் சாற்றைத் தண்ணீரில் கலந்து மெல்ல ஊற்றினால் திரியும். துணியில் கட்டிப் பாரம் வைத்தால் முக்கால் மணி நேரத்தில் கட்டியாகும்.

வடித்த சக்கையை வீசாதீர்கள், அடைப்பின் பாதி அதுதான். பொடியாக அரிந்த லீக்ஸ், துருவிய கரட், இஞ்சி, பூண்டு, மிளகுத்தூள், உப்பு, ஒரு முட்டை, இரண்டு கரண்டி அரிசி மா சேர்த்துப் பிசையுங்கள். நெத்தலிக் கருவாட்டை வறுத்துப் பொடித்துப் போட்டால் சுண்ணாம்புச்சத்து கிடைக்கும். குடல் தேய்ந்தவருக்கு எலும்பும் பலவீனப்படும் என்பதால் நான் அதை விடமாட்டேன்.

டோஃபுவை முக்கோணமாக வெட்டி, ஒரு பக்கம் கீறி, கலவையை அழுத்தி வையுங்கள். கறிமிளகாயையும் தடித்த பாகற்காய் வளையங்களையும் விதை நீக்கி அப்படியே அடையுங்கள். அடைத்த பக்கம் கீழே இருக்குமாறு கொஞ்ச எண்ணெயில் சிவக்கவிட்டு, வெங்காயம், தக்காளி, ரம்பை, கறிவேப்பிலை போட்ட இளங்குழம்பில் மூடி வேகவிடுங்கள். குழம்பு தடிக்க ஒரு கரண்டி அரிசி மா போதும். கறிமிளகாயிலும் தேசிக்காயிலும் உள்ள உயிர்ச்சத்து சி, சோயாவின் இரும்பை உடல் ஏற்க உதவும். தேத்தண்ணி அதைத் தடுக்கும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

மறைந்திருக்கும் கோதுமை

கடையில் வாங்கும் சோயா சோஸ் பெரும்பாலும் கோதுமை சேர்த்துப் புளிக்கவைத்தது. கூட்டுப் பெருங்காயத்திலும் சில சோயா மீட் பக்கற்றுகளிலும் கோதுமை மா இருக்கும். மோல்ட் பானங்களில் பார்லி உண்டு. அரிசி என்று நம்பி வாங்கும் இடியப்பம், பிட்டு, தோசையிலும் அவித்த கோதுமை மா கலப்பது நம் நாட்டில் வழக்கம். குரக்கன் ரொட்டியும் அப்படியே.

அதைவிடப் பெரிய சிக்கல் லயத்துக் குசினி. சின்ன இடத்தில் ஒருவர் ரொட்டிக்கு மாப் பிசைந்தால், தூசி பக்கத்துச் சட்டியிலும் படியும். நோயாளிக்கு அந்தத் தூசியும் ஆகாது. வீட்டில் எல்லாரும் ரொட்டியை விடத் தேவையில்லை. அவருடைய சாப்பாட்டை முதலில் சமைத்து மூடிவைத்த பிறகு மாப் பையைத் திறந்தால் போதும். அவருக்கென்று தனியாக ஒரு சட்டி, ஒரு வடி, ஒரு அகப்பை வையுங்கள். சிரட்டை அகப்பையின் இடுக்கிலும் மரப்பலகையின் கீறலிலும் மா ஒட்டிக்கொண்டிருக்கும். கழுவினாலும் முழுதாகப் போகாது. ரொட்டிக் கல்லில் அவருக்குத் தோசை சுட வேண்டாம். ரோல்ஸ் பொரித்த எண்ணெயில் போட்ட கடை வடையும் கூடாது.

உடன்பிறந்தோரும் பிள்ளைகளும்

உணவை மாற்றியதும் சில வாரங்களில் உடல் இலேசாகும், குடல் முழுதாக ஆறப் பல மாதங்கள் பிடிக்கும். சுகம் தெரிந்தவுடன் ஒரு துண்டு பாண் தின்று பார்க்கும் ஆசை வரும். ஆனால் இந்த உணவு மாற்றம் வாழ்நாள் முழுவதும் காக்க வேண்டிய பத்தியம். மருத்துவர் சொன்ன நாளில் இரத்தப் பரிசோதனையைத் திரும்பச் செய்யுங்கள். நோய் பரம்பரையில் ஓடுவதால், நோயாளியின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு அது இருக்கக்கூடும். அறிகுறி இல்லாவிட்டாலும் அவர்களையும் ஒருமுறை கூட்டிப்போய்ப் பரிசோதியுங்கள், அதுவரை அவர்கள் வழக்கம்போல ரொட்டி சாப்பிடட்டும்.