ஹாலோவீனும் கிறித்தவக் குடும்பங்களும்

ஹாலோவீன் என்பது ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 31 ஆம் நாள் மாலையில் கொண்டாடப்படும் ஒரு விழா ஆகும். அயர்லாந்து, இசுக்காட்லாந்து ஆகிய நாடுகளில் வளர்ந்து, ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் பெருவிழாவாக மாறிய இதில், சிறுவர்கள் பேய், சூனியக்காரி, எலும்புக்கூடு முதலிய வேடங்களைப் புனைந்து வீடு வீடாகச் சென்று இனிப்புக் கேட்பர். இவ்விழாவில் கிறித்தவக் குடும்பங்கள் பங்குகொள்ளலாமா, கொள்ளலாம் எனில் எந்த அளவுக்கு என்பது, குறிப்பாக ஐக்கிய அமெரிக்காவில், ஆண்டுதோறும் எழும் ஒரு கேள்வியாகும். இக்கட்டுரை அக்கேள்விக்குத் திருச்சபைகளும் குடும்பங்களும் கண்டுள்ள விடைகளை விளக்குகிறது.

பெயரும் தோற்றமும்

'ஹாலோ' என்பது பழைய ஆங்கிலத்தில் புனிதரைக் குறிக்கும் சொல். 'ஈன்' என்பது மாலை எனப் பொருள்படும் சொல்லின் சுருக்கம். ஆகவே ஹாலோவீன் என்பதன் நேர்ப்பொருள் 'புனிதர்கள் திருநாளின் முன்மாலை' என்பதாகும். நவம்பர் 1 அனைத்துப் புனிதர் பெருவிழா. நவம்பர் 2 இறந்தோர் அனைவரையும் நினைவுகூரும் நாள். பின்னதையே தமிழ்க் கத்தோலிக்கர் கல்லறைத் திருநாள் என்பர். அன்று கல்லறைகளைத் தூய்மை செய்து, பூமாலை சாத்தி, மெழுகுதிரி ஏற்றும் வழக்கத்தை அறிந்த தமிழர் பலருக்கு, அதற்கு இரண்டு நாள் முன்னர் வரும் ஹாலோவீன் அதே திருநாள் வரிசையைச் சேர்ந்தது என்பது வியப்பாக இருக்கலாம்.

உரோமையில் எட்டாம் நூற்றாண்டில் திருத்தந்தை மூன்றாம் கிரகோரி புனிதர் அனைவருக்கும் ஒரு சிற்றாலயத்தை அர்ப்பணித்தார். ஒன்பதாம் நூற்றாண்டில் நவம்பர் 1 மேற்கு ஐரோப்பாவில் பரவலாக நிலைபெற்றது. இறந்தோர் நினைவு நாளை நவம்பர் 2 இல் அமைத்தவர் குளூனி துறவுமடத்தின் தலைவர் ஓடிலோ.

இத்திருநாள், கெல்ட்டிய மக்களின் 'சவின்' என்னும் அறுவடைமுடிவு விழாவை மறைப்பதற்காகவே அமைக்கப்பட்டது என்று பல நூல்களில் காணப்படுகிறது. இக்கூற்றை அப்படியே ஏற்பதற்கில்லை. சவின் என்றொரு விழா இருந்தது உண்மை; ஆனால் அதன் சமயச் சடங்குகளைப் பற்றி நம்பத்தக்க பழஞ்சான்றுகள் மிகக் குறைவு என வரலாற்றாளர் ரொனால்டு அட்டன் 1996 இல் வெளியான தமது நூலில் காட்டியுள்ளார். மேலும், கெல்ட்டிய அயர்லாந்தின் பழைய திருச்சபை ஏடுகள் புனிதர் அனைவரின் நாளை ஏப்ரல் 20 இல் குறிக்கின்றன. ஹாலோவீன் முழுவதும் 'பேய் வழிபாடு' என்போரும், அது முழுவதும் 'திருச்சபை விழா' என்போரும் சான்றுகள் தாங்கும் அளவுக்கு மேல் பேசுகின்றனர் என்றே கூற வேண்டும்.

(கணினியியல் மாணவர்களிடையே ஒரு துணுக்கு உண்டு: ஹாலோவீனும் கிறிசுமசும் ஒன்றே. ஏனெனில் ஆக்டல் எனப்படும் எட்டடி எண்முறையில் 31 என்பது டெசிமல் எனப்படும் பத்தடி எண்முறையில் 25 ஆகும். அக்டோபரும் ஆக்டலும், டிசம்பரும் டெசிமலும் ஆங்கிலத்தில் ஒரே சுருக்கத்தைப் பெறுகின்றன.)

அமெரிக்காவில் வளர்ச்சி

புனிதர் வணக்கத்தை ஏற்காத பியூரிட்டன் குடியேறிகள் இவ்விழாவைக் கொண்டாடவில்லை. 19 ஆம் நூற்றாண்டில் வந்த அயர்லாந்து, இசுக்காட்லாந்து மக்களே இதனைக் கொண்டுவந்தனர். அவர்கள் தம் நாட்டில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு செய்தனர். அமெரிக்காவில் எளிதாகக் கிடைத்ததும் குடைவதற்கு வசதியானதுமான பறங்கிக்காய் அவ்விடத்தைப் பிடித்தது. 1930களில் இளைஞர்களின் குறும்பு, வேலிகளை உடைத்தல் போன்ற சேதங்களாக முற்றியபோது, அவர்களை இனிப்பால் அமைதிப்படுத்தும் 'டிரிக் ஆர் டிரீட்' முறையை நகரத்தார் ஊக்குவித்தனர். 'இனிப்புத் தருகிறீர்களா, குறும்பு செய்யவா?' என்பது இத்தொடரின் கருத்து. அமெரிக்கர் 2023 இல் இவ்விழாவுக்காக ஏறத்தாழ 1,220 கோடி டாலர் செலவிடுவர் என அந்நாட்டுச் சில்லறை வணிகர் கூட்டமைப்பு மதிப்பிட்டது.

மறுப்போர் கூறுவன

குறிசொல்லுதல், சூனியம், இறந்தோரிடம் குறிகேட்டல் ஆகியவற்றை விலக்கும் உபாகமம் (இணைச் சட்டம்) 18 ஆம் அதிகாரமே மறுப்போரின் முதன்மை ஆதாரம். தீமையை விளையாட்டாகவும் சிறப்பிக்கக் கூடாது என்பது அவர்கள் வாதம். யெகோவாவின் சாட்சிகள் இவ்விழாவை முற்றாகத் தவிர்க்கின்றனர். சுவிசேச சபையினரிலும் பெந்தகோத்து சபையினரிலும் பலர் இக்கருத்தினரே. கிழக்கு மரபுவழித் திருச்சபைகளின் நிலை வேறு: அவை பெந்தகோத்துத் திருநாளுக்கு அடுத்த ஞாயிறன்று புனிதர் அனைவரையும் நினைவுகூர்வதால், அக்டோபர் 31 க்கு அவற்றின் நாட்காட்டியில் அத்தகைய சிறப்பு எதுவும் இல்லை.

அச்சத்தை அச்சத்தாலேயே எதிர்கொண்ட முயற்சிகளும் உண்டு. வர்ஜீனியா மாநிலத்தின் லிஞ்ச்பர்க் நகரில் செர்ரி பால்வெல் என்னும் போதகர் 1970களின் தொடக்கத்தில் ஏற்படுத்திய 'இசுகேர்மேர்' என்னும் திகில் வீடு, பார்வையாளரை இறுதியில் நற்செய்திக்கு அழைத்துச் சென்றது. பின்னர்ப் பிற சபைகள் நடத்திய 'நரக வீடு' நிகழ்ச்சிகளில் பாவங்களும் தண்டனைகளும் நாடகமாக நடிக்கப்பட்டன. 2001 இல் இது பற்றி ஓர் ஆவணப்படமும் வெளிவந்தது. பேய் வேடம் சிறுவர் மனத்துக்குக் கேடு என்று கூறும் இல்லத்தார் தம் பிள்ளைகளை இவ்வீடுகளுக்கு அழைத்துச் செல்வது சற்று முரணானதே.

பங்குகொள்வோர் கூறுவன

பங்குகொள்வோர், தூய பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலின் 8 முதல் 10 வரையுள்ள அதிகாரங்களையும் உரோமையர் மடலின் 14 ஆம் அதிகாரத்தையும் காட்டுகின்றனர். சிலைகளுக்குப் படைத்த உணவைக் கிறித்தவர் உண்ணலாமா என்பது அங்கு எழும் கேள்வி. அண்டை வீட்டார் அன்போடு தரும் படையல் உணவை ஏற்பதா என்று தயங்கும் தமிழ்நாட்டுக் கிறித்தவ இல்லங்களுக்கும் இது புதிதன்று. பவுலின் விடை இரு தரப்பையும் கட்டுகிறது: உண்பவர் உண்ணாதவரை இகழக் கூடாது, உண்ணாதவர் உண்பவரைத் தீர்ப்பிடக் கூடாது, அதே வேளையில், தமது உரிமை பிறருடைய மனச்சான்றுக்கு இடறலாகுமானால் அதனை விட்டுக்கொடுக்க வேண்டும். இன்றைய இனிப்புச் சேகரிப்பில் எந்தத் தெய்வத்துக்கும் எதுவும் படைக்கப்படுவதில்லை என்பதும் இவர்கள் வாதம்.

இவர்களின் மற்றொரு வாதம் அண்டை அயலாரைச் சார்ந்தது. அமெரிக்கப் புறநகர்களில் அயலார் தாமாகவே வந்து கதவைத் தட்டும் மாலை ஆண்டில் இது ஒன்றே எனலாம். வாயில் விளக்கு எரிந்தால் 'வரலாம்' என்றும் அணைந்திருந்தால் 'வர வேண்டா' என்றும் சிறுவர் புரிந்துகொள்வர். விளக்கை அணைத்து உள்ளே இருப்பது அந்த ஒரு வாய்ப்பையும் இழப்பதாகும் என்பர். சிலர் இனிப்புக்குப் பதிலாகச் சமயத் துண்டுப்பிரசுரம் மட்டும் தருவர். பையில் மிட்டாயை எதிர்பார்த்த குழந்தைக்கு அது நற்செய்தியாகத் தோன்றுவது அரிது.

மாற்று வழிகள்

முழு மறுப்புக்கும் முழுப் பங்கேற்புக்கும் இடையில் பல வழக்கங்கள் தோன்றியுள்ளன. சபைகள் நடத்தும் 'அறுவடை விழா'வில் விளையாட்டுகளும் இனிப்பும் உண்டு. பேய் வேடம் இல்லை. 'டிரங்க் ஆர் டிரீட்' என்பது ஆலய வாகன நிறுத்துமிடத்தில் மகிழுந்துகளின் பின்பெட்டியை (டிக்கி) அலங்கரித்து, அதிலிருந்து இனிப்பு வழங்கும் முறை. கத்தோலிக்கப் பங்குகள் பலவற்றில் சிறுவர் தமது பெயர்கொண்ட புனிதராக வேடமிடுவர். பாரிசு மறைமாவட்டம் 2002 இல் தொடங்கிய 'ஓலிவின்சு' இவ்வகையைச் சேர்ந்தது. பிலிப்பீன்சிலும் புனிதர் அணிவகுப்புகள் நடைபெறுகின்றன.

லூத்தரன் குடும்பங்களுக்கு மற்றொரு வழியும் உள்ளது. மார்ட்டின் லூதர் தமது 95 கூற்றுகளை வெளியிட்டது 1517 அக்டோபர் 31 இல். எனவே இந்நாள் அவர்களுக்குச் சீர்திருத்த நாள். விட்டன்பர்க் கோட்டை ஆலயம் புனிதர் அனைவரின் பெயரைக் கொண்டது என்பதும், மறுநாள் அதன் திருநாள் என்பதும் குறிப்பிடத்தக்கவை.

இவை எல்லாவற்றிலும் பெரும் பயன் விளைவித்தது ஒரு குடும்பத்தின் எண்ணமே. 1950 இல் பிலடெல்பியாவில் கிளைடு அல்லிசன் என்னும் பிரசுபித்தேரியன் போதகரும் அவர் துணைவி மேரி எம்மாவும், சிறுவர் இனிப்போடு நாணயமும் கேட்டுச் சேகரித்து, போரினால் வாடிய நாடுகளின் குழந்தைகளுக்கு யுனிசெப் வழியாக அனுப்பும் முறையைத் தொடங்கினர். அலங்கரித்த பால் பெட்டிகளே முதல் உண்டியல்கள். முதல் ஆண்டுச் சேகரிப்பு 17 டாலர். பின்னர் இது நாடு தழுவிய இயக்கமாகிக் கோடிக்கணக்கான டாலர்களைத் திரட்டியது.

இல்லத்தில் முடிவெடுத்தல்

சபையின் கருத்து எதுவாயினும், விளைவை நேரில் சந்திப்பது குழந்தையே. வகுப்பில் அனைவரும் வேடமிட்டு வரும் நாளில் ஒரு குழந்தை மட்டும் விலகி நிற்பது எளிதன்று. மறுக்கும் பெற்றோர் அன்று காலையில் 'கூடாது' என்று மட்டும் கூறினால், குழந்தைக்கு மிஞ்சுவது காரணம் தெரியாத இழப்பு. பல நாட்களுக்கு முன்பே காரணத்தைப் பேசி, அம்மாலைக்கு வேறொரு மகிழ்ச்சியை ஏற்பாடு செய்யும் வீடுகளில் இச்சிக்கல் குறைகிறது. விளையாடச் செல்லும் மற்றக் குழந்தைகளைத் 'தீயவர்' என்று சொல்லிக்கொடுக்காமலிருப்பதும் இன்றியமையாதது.

பங்குகொள்ளும் குடும்பங்களுக்கு வயது முதன்மையான அளவுகோல். மூன்று நான்கு வயதுக் குழந்தைக்கு முகமூடியையும் உண்மையையும் பிரித்தறிவது கடினம். கோரமான அலங்காரம் உள்ள வீடுகளைத் தவிர்ப்பதே நன்று. வேடத்தைப் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து தெரிவு செய்யலாம். அந்நியர் இனிப்பில் நஞ்சு கலப்பர் என்ற அச்சத்தைப் பொறுத்தவரை, சமூகவியலாளர் சோயல் பெசுட்டு 1985 முதல் வெளியிட்டுவரும் ஆய்வுகளில், அவ்வாறு முன்பின் அறியாதவர் தந்த இனிப்பால் குழந்தை இறந்ததாக உறுதியான நிகழ்வு ஒன்றும் காணப்படவில்லை. இருளில் சாலையைக் கடக்கும்போது நேரும் விபத்துகளே மெய்யான ஆபத்து. ஆதலால் வெளிர்நிற உடையும் கைவிளக்கும் பெரியவர் துணையும் தேவை.

கணவனும் மனைவியும் வெவ்வேறு சபை மரபினராக இருத்தல், பேரப்பிள்ளைகள் வேடமிடுவதைத் தாத்தா பாட்டி விரும்பாமை ஆகியனவும் பொதுவான சிக்கல்கள். இத்தகைய வீடுகள் சில, அக்டோபர் 31 ஐ விட்டுக்கொடுத்து, அடுத்த இரு நாட்களைப் பொதுவாக வைத்துக்கொள்கின்றன: நவம்பர் 1 இல் புனிதர் ஒருவரின் வரலாற்றைப் படிப்பதும், நவம்பர் 2 இல் மறைந்த முன்னோரின் கல்லறைக்குக் குழந்தைகளை அழைத்துச் சென்று அவர்களைப் பற்றிக் கூறுவதும் அவற்றுள் அடங்கும்.